பாஷை தெரியாதவர் படித்த கடிதம்

மைசூர் கேசரே லைன் வீடுகளில் நாச்சம்மாளை ஏமாற்றுகிறவன் இன்னும் பிறக்கவில்லை என்று சொல்வார்கள். மண்ணெண்ணெய் ஊற்றுகிறவன் நுரை அடங்கும்வரை அளவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் பாட்டன் முப்பாட்டன் வரை இழுத்துவிடுவாள். மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், காபி கொண்டுவந்தவள் மூத்தவள்தானா இல்லை அவளுடைய சிவப்புத் தங்கச்சியா என்று பக்கத்து வீட்டில் போய் விசாரித்துவிட்டு வந்த புண்ணியவதி அவள். அன்றைக்குக் காபி கொண்டுவந்தவள்தான் ஸ்ரீதேவி. கல்யாணமாகி இரண்டு வருஷமாகிறது. அந்த விசாரணைக் கதையை ஸ்ரீதேவியே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

மகன் மஞ்சுநாத் பட்டாளத்தில் இருந்தான். அந்த வருஷம் கார்கிலில் சண்டை. டீக்கடை ரேடியோ காலையிலிருந்து மலைப் பெயர்களாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நாச்சம்மாளுக்குத் தெரிந்த மலைகள் இரண்டே இரண்டு. ஒன்று அவள் பிறந்த ராமாபுரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாதேஸ்வரன் மலை. இன்னொன்று வாசலில் நின்றால் தெரிகிற சாமுண்டி மலை. மனுஷன் ஏறிப்போய்ச் சாமி கும்பிடத்தான் மலை என்று நினைத்திருந்தவளுக்கு, அதன்மேல் ஏறி ஒருத்தனை ஒருத்தன் சுட்டுக்கொள்கிறார்கள் என்பது விளங்கவே இல்லை.

ஆடி பிறந்து மூன்றாம் நாள், திங்கட்கிழமை, மகனிடமிருந்து கடிதம் வந்தது. தபால்காரர் கையிலிருந்து வாங்கும்போதே நாச்சம்மாளுக்குச் சுருக்கென்றது. அவளுக்கு எந்த எழுத்தும் தெரியாதுதான். ஆனால் கண் இருக்கிறதே! மகனுடைய கடிதத்தில் தபால்தலை இருக்காது, வட்டமாக ஒரு பட்டாளத்து முத்திரைதான் இருக்கும். இந்தக் கவரில் தபால்தலை ஒட்டியிருந்தது. முத்திரையும் வேறு.

"ஏண்டி, இதென்ன புதுசா தலையெல்லாம் ஒட்டி வந்திருக்குது?" என்றாள்.

ஸ்ரீதேவி கவரைத் திருப்பிப் பார்த்தாள். "பெங்களூருல போட்டிருக்காங்கத்தே. லீவுல வந்த யாரோ பிரெண்டு கிட்ட குடுத்து அனுப்பியிருப்பாரு. ஏனூ இல்ல, பயப்பட ஒண்ணுமில்ல, உக்காருங்க, படிக்கிறேன்."

கடிதம் படிப்பதற்கு அந்த வீட்டில் ஒரு முறை இருந்தது. நாச்சம்மாள் ஊதுவத்தி உருட்டுகிற பலகையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வாள். வலது பக்கம் கறுப்பு மாவு, இடது பக்கம் மூங்கில் குச்சி. அவள் உருட்ட உருட்ட ஸ்ரீதேவி படிப்பாள். சும்மா உட்கார்ந்து கேட்டால் நாச்சம்மாளுக்கு மனசில் ஏறாது. கை ஓடினால்தான் காது திறக்கும்.

மஞ்சுநாத் எழுதுவதிலும் ஒரு விசேஷம் உண்டு. மைசூர் அரசுப் பள்ளியில் கன்னடத்தில் படித்தவன். வீட்டில் பேசுவது தமிழ், எழுதத் தெரிந்தது கன்னட எழுத்து. அதனால் அம்மாவிடம் எப்படிப் பேசுவானோ அந்தப் பேச்சை அப்படியே கன்னட எழுத்தில் எழுதிவிடுவான். ஸ்ரீதேவியும் அதே ரகம். ராமாபுரத்துச் சொந்தக்காரன் ஒருவன் ஒரு தடவை அந்தக் கடிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன பாஷைங்க?" என்று கேட்டான். "எங்க பாஷை" என்றாள் நாச்சம்மாள்.

ஸ்ரீதேவி படித்தாள். "அம்மாவுக்கும் ஸ்ரீதேவிக்கும் மஞ்சு எழுதறது. நான் சௌக்கியம். இங்க பனி கொட்டுது. கையுறையக் கழட்டுனா வெரலு நம்ம சொன்ன பேச்சு கேக்காது. மேல மூச்சு விடவே ஒரு ஆள் தொணை வேணும் போல இருக்கு..." இரண்டு பக்கம் நன்றாகத்தான் போயிற்று. மூன்றாம் பக்கத்தில் ஸ்ரீதேவியின் குரல் கொஞ்சம் தடுமாறியது. "போன வாரம் விடியக்காலம் அவங்க திடீர்னு எங்க மேல வந்து விழுந்துட்டாங்க. யாருமே நெனைக்காத பக்கமா ஏறி வந்தாங்க. நாங்க திருப்பி அடிச்சு வெரட்டிட்டோம். எனக்கு ஒண்ணும் ஆகலை. காய்ச்சல் மட்டும் இருக்கு. இப்ப கீழ கேம்புல இருக்கேன். ஒடம்பப் பாத்துக்கங்க. அவ்ளோதான் அத்தே."

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதான்."

நாச்சம்மாள் பலகையைப் பார்த்தாள். மகனுடைய கடிதத்தில் ஒரு பக்கத்துக்கு அவள் பதினைந்து குச்சி உருட்டுவாள். இது இத்தனை கடிதங்களில் கண்ட கணக்கு. காகிதம் மூன்று தாள், இரண்டு பக்கமும் எழுத்து, ஆக ஆறு பக்கம். தொண்ணூறு குச்சி இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தாள், நாற்பத்தொன்று. மாவு இளகவும் இல்லை, கை நோகவும் இல்லை. அப்படியானால் மிச்ச மூன்று பக்கம் எங்கே போயிற்று?

சந்தேகம் வந்தால் உடனே கேட்டுவிடுகிறவர்கள் அரைகுறை சந்தேகக்காரர்கள். நாச்சம்மாள் ஊறப்போடுவாள்.

சாயந்தரம் வடிவு ஓடி வந்தாள். மூன்றாவது வீடு. அவளும் ராமாபுரத்துக்காரி, நாச்சம்மாளோடு சித்தாள் வேலைக்கு வந்து, புருஷன்மார் செத்தபின் அவளோடேயே பலகை போட்டு ஊதுவத்தி உருட்டுகிறவள். அவளுடைய ஒரே மகன் ஜடையன். மஞ்சுநாத்தும் ஜடையனும் ஒரே நாளில் ஆள் எடுப்பில் நின்று ஒரே நாளில் பட்டாளத்துக்குப் போனவர்கள். பதினைந்து நாளைக்கு முன்னால் வடிவுக்கு ஒரு தந்தி வந்திருந்தது. ஜடையனைக் காணவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம் என்று அதில் இருந்தது. காணவில்லை என்றால் எங்கேயோ இருக்கிறான் என்றுதானே அர்த்தம் என்று வடிவு அதைப் பிடித்துக்கொண்டாள். தமிழ் ஆடிக்கு முன்னாலேயே பிறந்துவிட்ட கன்னட ஆஷாட மாசத்து வெள்ளிக்கிழமைகளில் சாமுண்டி மலைக்கு ஆயிரம் படியும் ஏறி, ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு, முதல் வெள்ளி ஏறியும் ஆயிற்று.

"கண்ணு, எம் பையனப் பத்தி ஒரு வார்த்தயாச்சும் எழுதியிருக்கானா?" என்று ஸ்ரீதேவியின் கையைப் பிடித்தாள்.

"இல்லக்கா. ரெண்டு பேரையும் வேற வேற எடத்துல போட்டிருக்காங்களாம். அதனால அவருக்குத் தெரியலையாம்" என்றாள் ஸ்ரீதேவி.

நாச்சம்மாளின் கை பலகைமேல் நின்றது. வேறு வேறு இடத்தில் போட்டார்கள் என்று தனக்குப் படித்தபோது வரவில்லையே! வடிவு போனபிறகு அடுப்பில் களி கிண்டிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள். "அந்தக் காயிதத்த இன்னொருக்காப் படி கண்ணு. மலையில அவங்க வந்து விழுந்தாங்கன்னயே, அந்த எடம்."

"நாளைக்குப் படிக்கிறேனே அத்தே, தல நோவுது."

மறுநாளும் தலை நோவுதான். மகன் கடிதமெல்லாம் காலண்டருக்குப் பின்னால் செருகி வைப்பது வழக்கம். இதை அங்கே காணோம். ஸ்ரீதேவி கொள்ளுச் சாற்றை ஊற்றிக்கொண்டு உருட்டிய களி உருண்டையை அப்படியே தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள். குழாயடியில் வடிவைக் கண்டால் குடத்தைப் பாதியோடு தூக்கிக்கொண்டு திரும்பினாள். இதையெல்லாம் நாச்சம்மாள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அடுக்கியதில் அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. மகனுக்குக் கால் போயிருக்கிறது. இல்லை, கண். இல்லை, அந்தக் காகிதத்தை எழுதியவனே அவன் இல்லை. ஆனாலும் மருமகளை நேராகக் கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்டால் அவள் பொய் சொல்லுவாள், அந்தப் பொய்யை நம்பிவிடுவோமோ என்று பயம்.

வேறு யாரிடம் கொடுத்துப் படிப்பது? லைனில் தமிழ் தெரிந்து கன்னடம் படிக்கிறவர்கள் எல்லோரும் ஸ்ரீதேவியின் சேக்காளிகள். அவள் ஒரு கண் காட்டினால் போதும், அதே மூன்று பக்கத்தையும் முழுங்கிவிடுவார்கள். தெரியாதவர்கள் யாராவது என்றாலும், ஒரு கிழவியிடம் போய் உன் மகனுக்குக் கால் இல்லை என்று யார் வாய் திறந்து படிப்பார்கள்? படிக்கிறவனுக்கு அர்த்தம் புரிந்தால் மறைக்கத்தான் செய்வான். இரண்டு நாள் இதையே நினைத்து உருட்டிக்கொண்டிருந்தவளுக்கு, வியாழக்கிழமை மத்தியானம் ஈரக்கையோடு நிற்கும்போது புத்தியில் பளிச்சென்று அடித்தது. அர்த்தமே புரியாதவன் படித்தால்?

பசவராஜ்!

பசவராஜ் ஊதுவத்தி ஏஜெண்டு. வெள்ளிக்கிழமை தவறாமல் மொபெட்டில் மாவும் குச்சியும் கொண்டுவந்து போட்டு, உருட்டினதை எடுத்துப் போகிறவர். ஹாசன் பக்கத்து ஆள், சுத்தக் கன்னடக்காரர். இருபது வருஷமாகத் தமிழ்ப் பெண்களோடு வியாபாரம் செய்தும் வா, போ, சோறு என்ற மூன்றுக்கு மேல் அவருக்கு ஒன்றும் ஒட்டவில்லை. ஒட்ட வேண்டிய அவசியமும் இல்லை, இவர்களெல்லாம்தான் கன்னடம் பொரிந்து தள்ளுகிறார்களே.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே வடிவு மஞ்சள் குங்குமப் பையோடு மலைக்குக் கிளம்பிவிட்டாள். ஒன்பது மணிக்கு ஸ்ரீதேவி பள்ளிக்கூட யூனிபாரம் தைக்கிற கடைக்கு வேலைக்குப் போனாள். அவள் முனை திரும்பும்வரை பார்த்துவிட்டு நாச்சம்மாள் கதவைச் சாத்தினாள். அரிசி டின், ராகி மூட்டை, தலையணை உறை எல்லாம் தேடி, கடைசியில் டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவை மடிப்புக்குள் கண்டுபிடித்தாள். "கள்ளி, எங்க கொண்டுபோய் வச்சிருக்கா பாரு" என்று திட்டினாள். திட்டும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது.

வெளியே மைசூர் ஜூலை மழை, நனைக்கவும் நனைக்காது விடவும் விடாது. முந்தாநாள் உருட்டிய ஊதுவத்தி காயாமல் வீடு முழுக்கக் கொடியிலும் முறத்திலும் கிடந்தது. பசவராஜ் மழைக் கோட்டை உதறிக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஏன் நாச்சம்மா, ஒணகில்லவா?" காயவில்லையா என்று முறத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"வெயில் எல்லி சாமி?" வெயில் எங்கே என்று கேட்டு அவரை உட்காரச் சொன்னாள். காபியை முன்னால் வைத்துவிட்டுக் காகிதத்தை நீட்டினாள். மகனுடைய கடிதம், மருமகள் வேலைக்குப் போய்விட்டாள், படித்துச் சொல்ல வேண்டும் என்று கன்னடத்தில் கெஞ்சினாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு வரி முணுமுணுத்தார். சிரித்துவிட்டார். "இது தமிளு அல்வாம்மா! அக்ஷர நம்மது, மாத்து நிம்மது. நனகெ ஏனூ அர்த்த ஆகல்ல." எழுத்து எங்களுடையது, பேச்சு உங்களுடையது, எனக்கு ஒன்றும் அர்த்தமாகாது என்றார்.

"உங்களுக்கு அர்த்தமாக வேண்டாஞ் சாமி, எனக்கு ஆகும். அச்சரத்த மட்டும் கூட்டிக் கூட்டிப் படிங்க. ஒண்ணு விடாமப் படிங்க. நான் போதும்னாலும் நிறுத்தாதீங்க" என்று கன்னடத்தில் சொன்னாள்.

பசவராஜ் படிக்க ஆரம்பித்தார். வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஒரே சுருதி. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல், நிறுத்தக்கூடாத இடத்தில் மூச்சு வாங்கி, இரண்டு வார்த்தையை ஒன்றாக ஒட்டி, ஒரு வார்த்தையை இரண்டாக உடைத்துப் படித்தார். ஆனாலும் அது மஞ்சுநாத்தின் பேச்சு. அவன் "அம்மாவ்" என்று இழுக்கிற இழுப்புகூட அதில் இருந்தது. நாச்சம்மாள் பலகையைத் தொடவில்லை. கைகள் இரண்டையும் மடியில் போட்டுக்கொண்டு அவர் வாயையே பார்த்தாள். முதல் இரண்டு பக்கம் ஸ்ரீதேவி படித்ததேதான், ஒரு வார்த்தை கூடக் குறையவில்லை. மூன்றாம் பக்கம் வந்தது.

"ஸ்ரீதேவி, இதுக்கு மேல இருக்கறத அம்மாவுக்குப் படிக்காத. அம்மாவுக்கு வாய் தாங்காது. கீழ வந்த எடத்துல லீவுக்குப் போற ஒருத்தன் கெடச்சான், அவன் கையில குடுத்தனுப்பறேன். உன் ஒருத்திகிட்டயாச்சும் சொல்லாட்டி என் மண்ட வெடிச்சுரும்."

பசவராஜ் ஒரு வாய் காபி குடித்தார். "முந்தெ ஓதலா?" மேலே படிக்கட்டுமா என்று கேட்டார்.

நாச்சம்மாள் தலையை ஆட்டினாள்.

"நாங்க ஏழு பேரு மேல இருந்தோம். ரெண்டு நாளா சோறு மேல வரலை. பொட்டுக்கடல மாதிரி ஒண்ணு பாக்கெட்டுல குடுத்திருந்தாங்க, அதுவும் தீந்து போச்சு. எனக்கு ஒடம்பு கொதிச்சுது. விடியக்காலத்துக் காவல் என்னோடது. எந்திரிச்சு நிக்கவே முடியல. ஜடையன் சொன்னான், நீ படுடா மஞ்சு, உன் காவல நான் நிக்கறேன்னு. பசி வேற அவனுக்கு. நீ எந்திரிச்சா எனக்குச் சோறு போடுவியான்னு சிரிச்சுட்டே போனான்."

"ஜடையா!" என்றார் பசவராஜ், பெயரைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் நிமிர்ந்து. "நம்ம வடிவம்மன மக!" வடிவின் மகன் என்று அடையாளம் சொன்னார். சின்ன வயசில் ஊதுவத்திக் கட்டை மொபெட்டில் தூக்கி வைக்கிற பையனாக அவனை அவருக்குத் தெரியும். மேற்கொண்டு உற்சாகமாகப் படித்தார்.

"மூடுபனி. எதுத்தாப்புல ஒண்ணும் தெரியல. பின்னால செங்குத்துப் பாறை, அதுல ஆடு கூட ஏறாதுன்னு நாங்க அந்தப் பக்கம் பாக்கவே இல்ல. கல்லு உருண்ட சத்தம் கேட்டுது, பனி ஒடயுதுன்னு நெனச்சோம். அவங்க கயிறு போட்டு அந்தப் பக்கமாத்தான் வந்தாங்க. ஜடையன்தான் மொதல்ல பாத்தான். மஞ்சு எந்திரிடான்னு தமிழ்ல கத்துனான். அந்த ஒரு கத்துலதான் நாங்க ஆறு பேரு துப்பாக்கிய எடுத்தோம். அவனுக்கு எடுக்க நேரம் இல்ல. நான் கண்ணால பாத்தேன் ஸ்ரீதேவி. நெஞ்சுல. ஜடையன் அப்படியே பின்னால சாஞ்சு பாறைக்கு அந்தப் பக்கம் போயிட்டான். சண்ட முடிஞ்சு எட்டிப் பாத்தோம், பனிதான் தெரிஞ்சுது. ஆளு கெடைக்காததால காணோம்னு எழுதிக்கிட்டாங்க. காணோம் இல்ல. அவன் இல்ல. என் எடத்துல நின்னு போயிட்டான். வடிவக்காவுக்குப் பட்டாளமே சொல்லட்டும். நான் எந்த மூஞ்சிய வச்சு சொல்லுவேன்."

இத்தனையையும் அவர் அதே வாய்ப்பாட்டுச் சுருதியில், நெஞ்சில் என்ற இடத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒரு இடத்தில் வரி தவறி அதையே இரண்டு முறை படித்து, முடித்தார்.

கேட்டுக்கொண்டிருந்த நாச்சம்மாளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கங்கெட்ட சந்தோஷம். என் பையன் இருக்கிறான், கால் இருக்கிறது, கண் இருக்கிறது என்று உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி. அது வந்த வேகத்திலேயே, சீ, நீயெல்லாம் ஒரு பொம்பளையா என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது. வடிவு இந்நேரம் எத்தனையாவது படிக்குக் குங்குமம் வைக்கிறாளோ. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கண்ணீர் மட்டும் தாரை தாரையாக ஓடியது.

"அளபேடிம்மா, அளபேடி. ஒள்ளே சமாச்சார அல்வா?" அழாதே, நல்ல செய்திதானே என்றார் பசவராஜ். அவர் கண்ட நாச்சம்மாள் துக்கத்துக்கு அழுதால் தெருவே கூடிவிடும். இப்படி சத்தமில்லாமல் அழுகிறாள் என்றால் அது ஆனந்தம்தான் என்று அவராக முடிவு கட்டிக்கொண்டார். மாவைப் போட்டுவிட்டு, உருட்டின கட்டுகளை எடுத்துக்கொண்டு, மழைக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் போனது கூட அவளுக்கு உறைக்கவில்லை.

நாலரைக்கு ஸ்ரீதேவி வந்தபோது பலகைமேல் காகிதம் விரித்துக் கிடந்தது. அடுப்பு பற்றவைக்கவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"யாரு படிச்சது அத்தே?"

"பசவராஜு."

"அவருக்குத் தமிழே தெரியாதே!"

"தெரியாததுனாலதான் முழுசாப் படிச்சாரு."

ஸ்ரீதேவி செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்தாள். "அவரு வேண்டாம்னு எழுதியிருந்தாரு. நான் என்ன பண்ணட்டும்?"

"நான் உன்னய என்னென்னமோ நெனச்சேன்டி. புருஷன் கால் போனத நீ மறைக்கறேன்னு நெனச்சேன்."

"சொல்லியிருந்தா நீங்க எப்படி அத்தே வடிவக்கா பக்கத்துல உக்காந்து தினமும் குச்சி உருட்டுவீங்க? என்னாலயே முடியல. குழாயில அவங்கள பாத்தா பாதிக் குடத்தோட ஓடியாறேன்."

நாச்சம்மாள் காகிதத்தை அவள் பக்கம் தள்ளினாள். பிறகு, "பட்டாளத்துக்காரங்களே சொல்லட்டும். அதுவரைக்கும் நாம ரெண்டு பேரும் வாயத் தெறக்க வேண்டாம்" என்றாள். சொல்லும்போதே, அது தன்னால் ஆகிற காரியமா என்ற சந்தேகம் அவளுக்கு இருந்தது. மகன் அம்மாவைத் தெரிந்துதான் எழுதியிருக்கிறான். ஸ்ரீதேவி கடிதத்தை எடுத்து மடித்தாள்.

அப்போதுதான் வாசலில் வடிவின் குரல் கேட்டது.

"அக்கா! நாச்சக்கா!"

புடவை முழங்கால்வரை நனைந்து, கால் விரல்களில் சேறும், உள்ளங்கை இரண்டிலும் மஞ்சளும் குங்குமமும் அப்பிக் கிடக்க, ஒரு பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டு வடிவு உள்ளே பாய்ந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. பதினைந்து நாளாக அந்த முகத்தில் இல்லாத சிரிப்பு.

"பஸ் எறங்கறேன், பசவராஜண்ணன் மொபெட்ட நிறுத்தி ஓடியாறாரு. வடிவம்மா, உன் மகன் பேரு காயிதத்துல மூணு தடவ வந்துது, நானே என் வாயால படிச்சேன், நாச்சம்மா சந்தோசத்துல அழுதுட்டா அப்படிங்கறாரு! ஏனக்கா, இத எங்கிட்டச் சொல்ல மலையடிவாரத்துக்கு ஓடி வந்திருக்க வேண்டாமா நீ? தாயி கண்ணத் தொறந்துட்டா!" என்று பையிலிருந்த பிரசாத லட்டை உடைத்து, நாச்சம்மாள் வாயைத் திறப்பதற்குள் பாதியைத் திணித்துவிட்டாள்.

நாச்சம்மாளுக்கு முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஸ்ரீதேவி வடிவுக்குப் பின்னால் நின்று, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஏதாவது சொல்லலாம். ஜடையனை விசாரித்து எழுதியிருக்கிறான், கிடைத்துவிடுவானாம் என்று ஒரு பொய். வடிவு நம்பிவிடுவாள், இன்னும் இரண்டு வெள்ளிக்கிழமை ஆயிரம் படி ஏறுவாள். ஒவ்வொரு படிக்கும் குனிந்து நிமிர்ந்து குங்குமம் வைப்பாள். ஒருநாள் பட்டாளத்து ஜீப்பு செய்தியோடு வந்து வாசலில் நிற்கும். அன்றைக்கு, நாச்சக்காவுக்கு இது முன்பே தெரியும் என்று வடிவுக்குத் தெரிந்துவிடும்.

நாச்சம்மாள் லட்டை வாயிலிருந்து கையில் எடுத்துவிட்டாள். "வடிவு, உக்காரு."

"என்னக்கா?"

"உக்காரு சாமி. ஜடையன் பேரு வந்துது. ஆனா அவன் இல்ல. எம் பையன் கண்ணால பாத்திருக்கறான்." நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று மளமளவென்று சொன்னாள். "விடியக்காலம் பாறை மேல ஏறி வந்துட்டாங்களாம். உம் பையன்தான் கத்தி மத்தவங்கள எழுப்புனானாம். அது எம் பையன் நிக்க வேண்டிய காவல், வடிவு. இவனுக்குக் காய்ச்சல்னு அவன் போய் நின்னான். எம் பையன் எடத்துல நின்னு உம் பையன் போயிட்டான்."

கையைப் பிடிக்கப் போனாள். வடிவு வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"தொடாதக்கா."

வடிவு தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புடவையில் துடைத்தாள், போகவில்லை, மறுபடி துடைத்தாள். அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், என் பிள்ளையைக் கொன்றுவிட்டானே உன் பிள்ளை என்று மாரில் அடித்துக்கொள்வாள் என்று நாச்சம்மாள் காத்திருந்தாள். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள். வடிவு அழவே இல்லை. நாச்சம்மாளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

கை துடைப்பதை நிறுத்திவிட்டு வடிவு தலை நிமிராமலே கேட்டாள். "அன்னிக்குச் சோறு உண்டானா?"

நாச்சம்மாள் ஸ்ரீதேவி கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தாள்.

"அவன் பசி தாங்க மாட்டான்க்கா. உனக்குத்தான் தெரியுமே. சோறு ஆவறதுக்குள்ள நாலு தடவ அடுப்பண்ட வந்து நிப்பான். பசியோடவா போனான்? எழுதியிருக்கானா?"

"உண்டான் வடிவு" என்றாள் நாச்சம்மாள். "உண்டுட்டுத்தான் காவலுக்குப் போனான். எழுதியிருக்கறான்."

"என்ன உண்டான்?"

அந்த மலையில் பட்டாளத்துக்காரனுக்கு என்ன போடுவார்கள் என்று நாச்சம்மாளுக்கு எப்படித் தெரியும்? "ரொட்டி" என்றாள். "ரொட்டியும் பருப்பும்."

வடிவு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பார்வை அவள் கண், வாய் என்று ஒவ்வொன்றாகத் துழாவியது. பிறகு கடிதத்தோடு நின்ற ஸ்ரீதேவியிடம் திரும்பினாள்.

"நீ சொல்லு கண்ணு. படிச்சவ நீதான. அந்தக் குளுருல ஆறிப்போன ரொட்டியா போட்டாங்க?"

"சூடாத்தான் அக்கா" என்றாள் ஸ்ரீதேவி. "சூடா வந்துதுன்னுதான் எழுதியிருக்காரு. ஜடையண்ணன் ரெண்டாவது தடவயும் வாங்கி சாப்பிட்டாராம்."

அதைக் கேட்டபிறகுதான் வடிவு வாய்விட்டு அழுதாள்.